மாலுமியின் தவறுக்குத் தொழிலாளியா பொறுப்பு?

தாராவியில் தைக்கப்படும் தோல் பை நவசேவா துறைமுகத்தில் கப்பல் ஏறிவிட்டால் அதற்கும் நமக்கும் தொடர்பு முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். கப்பல், கடல், பன்னாட்டுச் சட்டம் எல்லாம் சேட்டுகள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் வழியில் சரக்கு கெட்டுப்போனால், "பார்ட்டியிடமிருந்து பணம் வரவில்லை" என்று சொல்லி நிறுத்தப்படுவது யாருடைய கூலி? பீஸ் ரேட்டுக்குத் தைத்தவரின் கூலி. ஆகவே கடலில் போகும் சரக்குக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நம் வீட்டு அடுப்பு எரிவதோடு சம்பந்தப்பட்ட கேள்வி.

2025ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இது குறித்து இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று பில் ஆஃப் லேடிங் சட்டம். 1856ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. மற்றொன்று கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். 1925ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்களை ஒழித்துவிட்டோம் என்று ஆட்சியாளர்கள் பெருமை பேசினார்கள். பெயர்ப்பலகை மாறியது உண்மை. உள்ளே இருக்கும் சரக்கு மாறியதா?

மாறவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு. 1924இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கையெழுத்தான ஹேக் விதிகள்தான் 1925 சட்டத்தின் அட்டவணை. பிற்காலத் திருத்தங்களோடு அதே விதிகள்தான் புதிய சட்டத்தின் அட்டவணையிலும் இருக்கின்றன. அவற்றில் கப்பல் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று சொல்லும் விலக்குகளின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் முதலாவது எது தெரியுமா? கப்பலை ஓட்டுவதிலோ நிர்வகிப்பதிலோ கேப்டனும் மாலுமியும் பைலட்டும் கம்பெனியின் மற்ற ஊழியர்களும் செய்யும் தவறு! புறப்படும்போது கப்பல் நல்ல நிலையில் இருக்கத் தக்க கவனம் எடுத்திருந்தால் போதும். பிறகு கேப்டன் கவனக்குறைவால் பாறையில் மோதினாலும், சரக்குக்குக் கம்பெனி நஷ்ட ஈடு தரவேண்டியதில்லை.

இந்த விலக்கால் எழுந்த வழக்குகள் ஏராளம். ஒரு கப்பலைப் பழுது பார்க்கும்போது சரக்கறையின் மூடியைச் சரியாக மூடாததால் மழை இறங்கித் தகரத் தகடுகள் கெட்டுப்போயின. அது கப்பலை நிர்வகிப்பதில் நேர்ந்த தவறா, சரக்கைப் பாதுகாப்பதில் நேர்ந்த தவறா என்ற வாதம் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை போய் 1928இல்தான் முடிந்தது. சரக்கைப் பாதுகாக்கத் தவறியதே என்று தீர்ப்பானதால் கம்பெனி பணம் தரவேண்டி வந்தது. அவ்வளவு தூரம் வழக்காடச் சிறு வணிகரால் முடியுமா?

நாங்கள் வேலை செய்யும் ரயில்வேயில் கதை வேறு. கூட்ஸ் ஷெட்டில் ஆர்.ஆர். போட்டு ஏற்றிய சரக்குக்கு 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 93ஆவது பிரிவுப்படி ரயில்வேதான் பொறுப்பு. அதிலும் ஒன்பது விலக்குகள் உண்டு: இயற்கைச் சீற்றம், போர், அனுப்பியவரின் தவறு என்று போகும். ஆனால் என்ஜின் டிரைவரின் தவறு அந்த ஒன்பதில் இல்லை. விலக்கு பொருந்தினாலும் தக்க முன்யோசனையும் கவனமும் எடுத்தோம் என்று ரயில்வேயே நிரூபிக்க வேண்டும். குறைந்த கட்டணத்தில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அனுப்பிய சரக்கானாலும், ஊழியரின் கவனக்குறைவை நிரூபித்தால் ரயில்வே தப்ப முடியாது.

வானத்துக்கும் வருவோம். 1929ஆம் ஆண்டின் வார்சா உடன்படிக்கையில், விமானியின் தவறால் சரக்கு சேதமானால் கம்பெனி பொறுப்பல்ல என்ற விலக்கு இருந்தது. 1955இல் அதே ஹேக் நகரில் கூடித் திருத்தியபோது அதை நீக்கினார்கள். தண்டவாளத்தில் இல்லாத சலுகை, வானத்தில் ஒழிக்கப்பட்ட சலுகை, கடலில் மட்டும் ஏன் நூறாண்டு கடந்தும் வாழ்கிறது?

விடை சரித்திரத்தில் இருக்கிறது. ஹேக் விதிகள் கப்பல் முதலாளிகளும் பெரும் சரக்கு வணிகர்களும் இன்ஷூரன்ஸ்காரர்களும் பேசி முடித்த பேரம். 1925இல் நம் நாட்டில் சரக்கு இருந்தது. கப்பல் பெரும்பாலும் அன்னியனிடம் இருந்தது. 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி நசுக்கப்பட்ட கதையை நாம் மறக்கவில்லை. கப்பல் வைத்திருந்தவன் எழுதியதே சட்டமாயிற்று. பிறகு வளரும் நாடுகள் குரல் எழுப்பியதன் பயனாக 1978இல் ஐ.நா. ஹாம்பர்க் விதிகளைக் கொண்டுவந்தது. அதில் மாலுமியின் தவறு என்ற சாக்கு நீக்கப்பட்டது. 1992இல் அது நடைமுறைக்கும் வந்தது. இந்தியா அதில் சேரவில்லை.

பொறுப்பைக் கூட்டினால் கப்பல் கட்டணம் ஏறும் என்பது எதிர்வாதம். ஏறலாம். ஆனால் இன்றும் அந்த இன்ஷூரன்ஸ் பணத்தை யாரோ கட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? பெரிய ஏற்றுமதியாளர் தாமே பாலிசி எடுத்துக்கொள்வார். இருபது அட்டைப்பெட்டி அனுப்பும் சிறு பட்டறைக்காரர் பலர் எடுப்பதில்லை. நட்டத்தைத் தாங்க வலுவுள்ளவன் தலையிலிருந்து இறக்கி, வலுவில்லாதவன் தலையில் வைப்பது நியாயமாகாது.

கப்பல் மூழ்குவது எப்போதோ நடப்பதுதானே என்றும் சொல்ல முடியாது. 2025 மே 25 அன்று கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640க்கும் மேற்பட்ட கன்டெய்னர்களோடு மூழ்கியது. சரக்கை இழந்த முந்திரி வணிகர்கள் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். ஈட்டுத் தொகை கட்டும்வரை அதே குழுமத்தின் வேறொரு கப்பலைப் பிடித்து வைக்க உத்தரவு கிடைத்தது. சீட்டு கையில் உள்ளவருக்கு நீதிமன்றம் இருக்கிறது. அவருக்குப் பின்னால் நிற்கும் கூலிக்காரர் அந்தச் சீட்டில் எங்கும் இல்லை.

சட்டம் மாறும்வரை இருக்கிற சட்டத்தையாவது அறிந்துகொள்வோம். கம்பெனி பொறுப்பேற்கும் இடத்திலும் நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பு உண்டு: ஒரு பெட்டிக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது ஒரு கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்.; இரண்டில் எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு நாணயம், 666.67 என்பது ஏறத்தாழ 80,000 ரூபாய். 400 அட்டைப்பெட்டி, 6,000 கிலோ, 60 லட்சம் ரூபாய்ச் சரக்கு ஒரு கன்டெய்னரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பி.எல். சீட்டில் 'ஒரு கன்டெய்னர்' என்று மட்டும் எழுதினால் மொத்தமும் ஒரே பெட்டி. எடைக் கணக்கில் 12,000 எஸ்.டி.ஆர்., சுமார் 14 லட்சத்தோடு நின்றுவிடும். '400 பெட்டி' என்று எழுதியிருந்தால் ஒவ்வொன்றும் தனிப் பெட்டி. முழு 60 லட்சத்தையும் கேட்கலாம். ஒரு வரி எழுதாததால் போவது 46 லட்சம்! வெளியே தெரியாத சேதத்துக்குச் சரக்கு வாங்கிய மூன்று நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பட்டறை நடத்தும் நம்மவர்கள் இதைக் கிளியரிங் ஏஜெண்டிடம் கேட்டு வாங்க வேண்டும்.

ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகளுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. உத்யம் பதிவு செய்திருந்தால், 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, வேலை வாங்கியவர் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்க முடியாது. கப்பல் வந்ததா, வெளிநாட்டுக்காரன் பணம் அனுப்பினானா என்பது அவர் கவலை. பட்டறைக்காரர்களுக்கும் ஒன்று சொல்வோம்: உங்களுக்குப் பொருந்தும் இதே நியாயம் உங்களிடம் தைப்பவருக்கும் பொருந்தும். தைத்துக் கொடுத்தவுடன் கூலி அவருடையது. கடலின் ஆபத்து அவருடையதல்ல.

புதிய சட்டம் அதன் அட்டவணையை அறிவிக்கை மூலமே திருத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. நாடாளுமன்றத்தைத் தாண்டிப்போகும் இந்த அதிகாரத்தை நாம் வரவேற்கவில்லை. ஆயினும் கையில் எடுத்துக்கொண்டவர்கள் அதைக் கப்பல் கம்பெனிகளுக்காக மட்டும் பயன்படுத்தக் கூடாது. மாலுமியின் தவறு என்ற விலக்கை அட்டவணையிலிருந்து நீக்க வேண்டும் என்று நம் சங்கக் கிளைகள் தீர்மானம் நிறைவேற்றிக் கப்பல் துறை அமைச்சகத்துக்கும் நம் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்ப வேண்டும். சரக்கை ஏற்றிக் கூலி வாங்குகிறவன், அதை ஓட்டுகிறவனின் தவறுக்கும் பதில் சொல்லட்டும்.