ஆசிரியர்கள் வயலில் இறங்கட்டும்

பயிற்சி என்றவுடன் நமது பள்ளி ஆசிரியர்களுக்கு நினைவில் எழுவது ஒரு மண்டபமும், சொற்பொழிவும், வருகைப் பதிவேடுமேயாகும். அம்முறையை நாம் அடியோடு குறை கூறவில்லை. ஆயினும், இயற்கையைப் போதிப்பதற்குரிய பயிற்சியும் நான்கு சுவர்களுக்குள்ளேதான் நடைபெற வேண்டுமா? பாவு பிணைக்கக் கரும்பலகையைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் நம் நெசவாளருள் எவருமில்லை.

நெல் வயலையே எடுத்துக்கொள்வோம். புகையான் பயிரின் தூரில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே அமர்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. வரப்பில் நிற்பவர் கண்ணுக்கு அது புலப்படாது; இறங்கித் தூரை விலக்கிப் பார்த்தல் வேண்டும். அதைப் பிடித்துத் தின்னும் சிலந்தியையும் அங்கேயே காணலாம். கண்டபடி மருந்து தெளித்தால் சிலந்தி மடியும், புகையான் பெருகும். இந்தோனேசியாவில் இத்தீங்கு முற்றியதால், 1986-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாதெனத் தடுத்தது. 1989-இல் அங்கே உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தோன்றின. வாரம் ஒருமுறை, ஒரு பருவம் முழுவதும், உழவர்கள் வயலில் இறங்கினர்; கண்ட பூச்சிகளைப் பெரிய தாளில் வரைந்தனர்; நன்மை செய்வது எது, தீமை செய்வது எது எனத் தமக்குள் வாதித்தனர்.

இம்முறை ஆசிரியர்களுக்கும் மிகப் பொருந்தும் என்பது நமது அபிப்பிராயம். உணவுச் சங்கிலியை அம்புக்குறியிட்டு வரையும் ஆசிரியர், பள்ளிக்கு அடுத்த வயலில் அதை ஒருமுறை கண்ணாரக் கண்டால், மறுநாள் உழவர் வீட்டுப் பிள்ளையிடம் கேள்வி கேட்கத் துணிவார். இன்றோ அப்பிள்ளை வீட்டில் அறிந்ததற்கு வகுப்பில் இடமில்லை. தந்தையின் தொழில் அறிவுக்கு வேலையில்லாத தொழில் என்று அவன் எண்ணத் தலைப்படுகிறான். நம்மை வருத்துவது இதுவே.

மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொழிற்பயிற்சி பெற வேண்டுமென்கிறது. (அக்கொள்கையைப் பற்றி நம் மாநிலத்தில் உள்ள கருத்து வேற்றுமை வேறு விஷயம்.) அத்தகைய பயிற்சி நேரத்தில் பத்து மணியை வயலுக்கும் ஏரிக்கரைக்கும் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? பரீட்சை வேலைக்கிடையே நேரமேது என்பார் சிலர். நேரம் புதிதாகக் கேட்கவில்லை. இடத்தைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

பயிர் மிதிபடுமே என்று நம் அங்கத்தினர் சிலர் தயங்கக்கூடும். தயக்கம் நியாயமானதே. ஐவர் ஐவராக, நடவு வரிசைக்கிடையே இறங்கினால் சேதம் அற்பமே. வரும் சம்பாவில் அரைக் காணி வயலை நான்கு காலைப் பொழுதுகளுக்குத் தர இசைவோர் சங்கக் காரியாலயத்தில் பெயர் கொடுக்கலாம். பள்ளித் தலைமையாசிரியர்களிடம் பேசும் பொறுப்பை நாம் ஏற்கிறோம்.