அனுப்பும் முன்பே ஈ-மெயில் வருமா? ஒளியை முந்தும் துகள்கள் பற்றி ஒரு பார்வை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இப்படி ஒரு வேடிக்கை நேர்வதுண்டு. நண்பர் இன்று காலைதான் ஈ-மெயில் அனுப்பினேன் என்பார். உங்கள் மெயில் சாப்ட்வேர் அனுப்பிய தேதியைப் பார்த்து மெயில்களை அடுக்குகிறது என்றால், அது பல வருடங்களுக்கு முந்தைய தேதியோடு எங்கோ அடியில் போய் உட்கார்ந்திருக்கும். காரணம் சாதாரணமானது. நண்பரின் மதர்போர்டில் உள்ள சிமாஸ் பேட்டரி தீர்ந்து போய், கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பியிருக்கும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரி செய்தால் வேலை முடிந்தது.

ஆனால் நிஜமாகவே ஒரு செய்தி அனுப்பும் முன்பே வந்து சேர முடியுமா? ஒளியை விட வேகமாகப் போகும் துகள்கள் இருந்தால் அது நடந்தே தீரும், எனவே அப்படிப்பட்ட துகள்கள் இருக்க முடியாது என்பது விஞ்ஞானிகளில் ஒரு கட்சி. அந்தத் துகள்களும் இருக்கலாம், காரண காரியமும் கெடாமல் இருக்கலாம் என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சிப் பக்கம். ஆனால் இரண்டாவது கட்சியைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒளி ஒரு செகண்டில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். நமக்கு அது பெரிய வேகம். கம்ப்யூட்டருக்கு அது போதவில்லை. 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசரின் ஒரு துடிப்புக்குள் ஒளி 10 சென்டிமீட்டர்தான் நகரும். சென்னையிலிருந்து நியூயார்க் நேர் தூரம் சுமார் 13,500 கிலோமீட்டர். ஒரு சிக்னல் போய்த் திரும்ப, ஒளியின் முழு வேகத்தில் சென்றாலும், 90 மில்லி செகண்ட் ஆகும். கண்ணாடி இழைக் கேபிளுக்குள் ஒளி இன்னும் மெதுவாகத்தான் போகும் என்பதால் 135-க்குக் குறையாது. எவ்வளவு விலை கொடுத்து எந்த பிராட்பேண்ட் பிளான் எடுத்தாலும் இதுதான் நிலை. ஒளியை முந்த ஒரு வழி கிடைக்காதா என்று ஆசைப்படுவதில் தவறில்லை.

அந்த வழியை 1962-ல் தாளில் வரைந்து காட்டியவர்களில் ஒருவர் ஈ.சி.ஜி. சுதர்சன். கோட்டயம் பக்கத்தில் பிறந்தவர், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், 1980-களில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்குத் தலைமை வகித்தவர். பிலானியுக், தேஷ்பாண்டே ஆகியோரோடு சேர்ந்து அவர் கேட்டது இதுதான்: ஒளியை விட மெதுவாகப் போகும் பொருளை ஒளியின் வேகத்துக்குக் கொண்டு வர முடிவில்லாத ஆற்றல் தேவை என்பது சரி. ஆனால் பிறக்கும்போதே ஒளியை விட வேகமாகப் பிறந்த துகளை ஐன்ஸ்டீனின் கொள்கை எங்கே தடுக்கிறது? இதற்கு அவர் தரப்பு சொன்ன உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். இமயமலையை யாராலும் தாண்ட முடியாது, எனவே அதற்கு வடக்கே மனிதர்களே கிடையாது என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? வடக்கே உள்ளவர்கள் மலையைத் தாண்டிப் போனவர்கள் அல்லவே, அங்கேயே பிறந்தவர்கள்!

இந்தத் துகளுக்கு டேக்கியான் என்று 1967-ல் பெயர் வைத்தவர் ஜெரால்டு ஃபீன்பர்க். இதன் குணம் தலைகீழானது. ஆற்றல் குறையக் குறைய வேகம் கூடும். ஒளியின் வேகத்துக்குக் குறைக்க வேண்டுமானால் முடிவில்லாத ஆற்றல் கொடுக்க வேண்டும்.

சரி, சிக்கல் எங்கே வருகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு விண்கலம் ஒளியின் வேகத்தில் 80 சதவீத வேகத்தில் பூமியை விட்டு விலகிப் போகிறது. புறப்படும்போது இரண்டு கடிகாரங்களிலும் மணி 12.00. சார்பியல் கொள்கைப்படி பூமியில் இருப்பவருக்கு விண்கலத்தின் கடிகாரம் 60 சதவீத வேகத்தில்தான் ஓடும். விண்கலத்தில் இருப்பவருக்கும் அப்படியே, பூமியின் கடிகாரம் 60 சதவீத வேகத்தில்தான் ஓடும். இருவர் கணக்கும் சரியே. இப்போது இருவரிடமும் நொடியில் செய்தி சேர்க்கும் டேக்கியான் மோடம் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். பூமியில் 1.40-க்கு, அதாவது 100 நிமிடம் கழித்து, செய்தி அனுப்புகிறீர்கள். அந்த நேரத்தில் விண்கலத்தின் கடிகாரம் 60 நிமிடம் காட்டும், மணி 1.00. உடனே அவர் பதில் அனுப்புகிறார். அவர் கணக்கில் அப்போது பூமியின் கடிகாரம் 60-ல் 60 சதவீதம், 36 நிமிடம்தான் காட்டும். உங்களுக்குப் பதில் வந்து சேரும் நேரம் 12.36. நீங்கள் கேள்வியை அனுப்பப் போவதோ 1.40-க்கு!

பதிலைப் படித்துவிட்டு, 'கேள்வியை அனுப்ப மாட்டேன்' என்று நீங்கள் மோடத்தை ஆஃப் செய்துவிட்டால் என்ன ஆகும்? இந்தச் சிக்கலை 1917-லேயே டோல்மன் கவனித்துவிட்டார்.

சுதர்சன் தரப்பின் சமாதானம் கெட்டிக்காரத்தனமானது. காலத்தில் பின்னோக்கிப் போகும், எதிர்மறை ஆற்றல் உள்ள துகளை, காலத்தில் முன்னோக்கிப் போகும் சாதாரண ஆற்றல் துகளாகவே எழுதிவிடலாம் என்றார்கள். அனுப்பியவர் வாங்கியவர் ஆவார், வாங்கியவர் அனுப்பியவர் ஆவார், அவ்வளவுதான். ஒரே ஒரு துகளுக்கு இது பொருந்துகிறது. ஆனால் நான்கு பக்கக் கடிதத்துக்குப் பொருந்துமா? அதை டைப் செய்தவர் ஒருவர்தான். துகளின் திசையை மாற்றி எழுதலாம், யார் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பதை மாற்றி எழுத முடியாது. பென்ஃபோர்டு, புக், நியூகோம்ப் ஆகிய மூவர் 1970-ல் வைத்த ஆட்சேபமும் இந்த வகைதான். என் வரையில் இதோடு அந்த வாதம் தோற்றுவிட்டது.

தப்பிக்க இரண்டு வழி மிச்சம். ஒன்று, டேக்கியானை யாரும் விரும்பியபடி அனுப்பவோ நிறுத்தவோ முடியாது என்று சொல்லலாம். செய்தி இல்லையென்றால் முரண்பாடும் இல்லை. இரண்டு, பிரபஞ்சத்துக்கு ஒரே ஒரு பொதுக் கடிகாரம் உண்டு, டேக்கியான் அதற்கு மட்டும் கட்டுப்படும் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஐன்ஸ்டீனின் அடிப்படையையே விட்டுவிட வேண்டும். எனக்கு இந்த விலை அதிகமாகத் தெரிகிறது. 1960-களின் பிற்பகுதியில் பரிசோதனைக் கூடத்திலும் டேக்கியானைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. இன்று இயற்பியலில் டேக்கியான் என்றால் பெரும்பாலும் நிலையற்ற ஒரு புலம், முனையில் நிறுத்திய பென்சில் மாதிரி. அதிலும் சிக்னல் ஒளியை முந்துவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் 2011 செப்டம்பரில் உலகமே திரும்பிப் பார்த்தது. ஜெனீவா அருகே உள்ள செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி, இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் இருந்த ஒப்பேரா கருவிக்கு நியூட்ரினோக்கள் ஒளியை விட 60 நானோ செகண்ட் முன்பே வந்து சேர்ந்ததாக அறிவித்தார்கள். ஐன்ஸ்டீன் தோற்றார் என்று தலைப்புகள் பறந்தன. ஆராய்ச்சியாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. எங்களால் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை, நீங்களும் பாருங்கள் என்றுதான் கேட்டார்கள்.

சந்தேகப்படக் காரணம் இருந்தது. 1987-ல் சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு நட்சத்திரம் வெடித்தது தெரிந்தது. அதன் நியூட்ரினோக்கள் ஒளிக்குச் சுமார் 3 மணி நேரம் முன்பு வந்தன. அதுவும் ஒளி நட்சத்திரத்தை விட்டு வெளிவரத் தாமதம் ஆனதால்தான். ஒப்பேரா சொன்ன வேகம் உண்மையானால் 4 வருடம் முன்பே வந்திருக்க வேண்டும். அந்த நியூட்ரினோக்களுக்கு ஆற்றல் குறைவு என்று ஒரு சமாதானம் சொல்லலாம்தான்.

2012 பிப்ரவரியில் குட்டு வெளிப்பட்டது. ஜிபிஎஸ் நேரத்தைக் கம்ப்யூட்டர் கடிகாரத்துக்குக் கொண்டு வரும் கண்ணாடி இழைக் கேபிள் சரியாகச் செருகப்படவில்லை! அதனால் நேர சிக்னல் சுமார் 73 நானோ செகண்ட் தாமதமாகப் போனது, கடிகாரம் பின்தங்கியது, நியூட்ரினோ முந்தி வந்தது போலத் தெரிந்தது. எதிர்ப்பக்கமாக இன்னொரு சின்னக் கோளாறும் இருந்தது. மானிட்டர் வரவில்லை என்று சர்வீஸ் எஞ்சினியருக்குப் போன் செய்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி நினைவிருக்கிறதா? 'கேபிளை ஆட்டிப் பார்த்தீர்களா?'

சிரிக்கலாம். ஆனால் தவறைத் தேடிப் பிடித்து வெளியிட்டவர்களும் அவர்களேதான். மார்ச் மாதத்தில் அந்தக் குழுவின் முன்னணியில் இருந்த இருவர் பதவி விலகினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அளந்ததை மறைத்து வைத்திருந்தால் விலகச் சொல்லலாம். அவர்கள் அளந்ததை எல்லோர் முன்பும் வைத்தார்கள்.

அதே மார்ச்சில், அதே மலைக்கு அடியில் இருந்த இக்காரஸ் கருவி தனியாக அளந்தது. நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை. ஜூனில் கியோட்டோவில் நடந்த மாநாட்டில் நான்கு கருவிகளின் முடிவுகளும் ஒன்றாகவே வந்தன. நான்கில் ஒன்று, கேபிளைச் சரியாகச் செருகிய ஒப்பேரா.