ஒரே நாளில் இரண்டு திறப்பு விழா, நடுவில் கடல்

2025 ஏப்ரல் 6 அன்று அனுராதபுரத்தில் மாகோ–ஓமந்தைப் புகையிரதப் பாதையைத் திறந்துவைத்த மோடி, அன்றே இராமேஸ்வரத்தில் புதிய பாம்பன் பாலத்தையும் திறந்தார். இடையில் இருந்த கடலை ஹெலிகொப்டரில் கடந்தார். சனத்துக்கு அந்த வசதி இல்லை.

1914 முதல் தனுஷ்கோடிக்கு ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு ரயில் என்று 'போட் மெயில்' ஓடியது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னும் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் வந்தது. அதை நிறுத்தியது போர். தலைமன்னார் இறங்குதுறைவரை 2015இல் மீண்டும் தண்டவாளம் வந்தும் கப்பல் வரவில்லை.

உடுவிலில் இருக்கும் நாங்கள் சுன்னாகத்தில் ரயிலேறினால் காங்கேசன்துறை கிட்டத்தான். அங்கிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்ரோபரில் தொடங்கிய கப்பலோ விட்டுவிட்டுத்தான் ஓடுகிறது. 2023 யூலைக் கூட்டறிக்கை தலைமன்னார்க் கப்பலையும் சொன்னது, தரைவழி இணைப்புக்கான ஆய்வையும் சொன்னது. பாலத்தைப் பற்றித்தான் கூடப் பேசுகிறார்கள். தமிழக முகாம்களில் உறவுகளை வைத்திருப்பவர்களுக்கு முதலில் தேவை, சாமான்களோடு ஏறக்கூடிய, மலிவான, சொன்ன நாளில் புறப்படும் கப்பல்.