கேளாத கேள்வி

விளையாட்டுக் கணினியைத் தம் கையாற் பூட்ட விழையும் நண்பர்கள், "எந்தக் கிராபிக்ஸ் கார்டு சிறந்தது?" என்றே முதற்கண் வினவுகின்றனர். யோசனை கூறுவோரும் தயங்காது விடை பகர்கின்றனர். இது தலைகீழ் முறையென்பது எனது துணிபு. 2022-இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 4090 ஒன்றே 450 வாட் மின்னாற்றல் கொள்ளும். 2021-இல் வந்த 3060-க்கோ 170 வாட் போதும். ஆதலின் பவர் சப்ளையையும் வீட்டு மின்சாரத்தையும் எண்ணாது கார்டைத் தேர்தல் யாங்ஙனம்? யான் அதிற் சிக்கனம் பிடித்தேன். கடமலைக்குண்டில் எம் வீட்டு மின்னழுத்தம் ஏறியிறங்கிய ஒரு கோடை மாலையில் அம்மலிவுப் பெட்டி புகைந்தது; மதர்போர்டும் உடன் மாண்டது. விற்றவர் என் ஊரைக் கேட்டாரல்லர், யானும் சொன்னேனல்லேன்.

மறுமுறை சென்னை ரிச்சி தெருவிற் பல கடைகள் ஏறியிறங்கினேன். ஒரு முதியவர் மட்டும், "தம்பி, வீட்டில் யு.பி.எஸ். உண்டா?" என்றார். எல்லாவற்றையும் அவரிடமே வாங்கினேன்.