எந்த முடிவுக்கு எத்தனை வாக்கு?

2009 ஆகஸ்டில் மினியாபொலிஸ் நகரில் கூடிய அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தேசியப் பேரவை, ஒரே வாரத்தில் இரண்டு அளவுகோல்களைக் கையாண்டது. பாலுறவு குறித்த சமூக அறிக்கைக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. 676க்கு 338 என, இம்மி பிசகாமல் அதே அளவில் அது தேறியது. ஆதரவில் ஒரு வாக்கு எதிர்ப்பக்கம் போயிருந்தாலும் தோற்றிருக்கும். தன்பாலின இணையோடு வாழ்நாள் உறவில் இருப்பவர்கள் போதகராவதற்கு வழிவிடும் தீர்மானத்துக்கு எளிய பெரும்பான்மையே போதும் என்றானது. 559க்கு 451இல் நிறைவேறியது. இதற்கும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற கோரிக்கையைப் பேரவை முன்பே நிராகரித்திருந்தது. அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

ஒரு முடிவு எத்தனை பேரை, விலகிநிற்க வழியில்லாமல் கட்டுகிறது என்பதைப் பார்த்தே வாக்கு அளவு அமைய வேண்டும். சமூக அறிக்கை முழுத் திருச்சபையின் பெயரால் பேசுகிறது. அதற்கு உயர்ந்த வரம்பு பொருந்தும். போதகர் பற்றிய தீர்மானம் அனுமதி மட்டுமே தந்தது. தனக்கான போதகரை அழைக்கும் உரிமை அந்தந்த உள்ளூர்ச் சபையிடமே இருந்தது; மாற்றுக் கருத்துடையோரின் மனச்சாட்சியை மதிப்பதாகவும் பேரவை உறுதியளித்தது. திருச்சபையை விட்டு ஒரு சபை விலக வேண்டுமானால் குறைந்தது 90 நாள் இடைவெளியில் இருமுறை மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டுமே, கொள்கையை மாற்ற மட்டும் பாதிக்குச் சற்று மேல் போதுமா என்று கேட்கலாம். ஆனால் விலகல், அதை விரும்பாத உறுப்பினரையும் சேர்த்து இழுத்துச் செல்கிறது. அங்கே வரம்பு உயர்ந்திருப்பதே நியாயம்.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. போதகராகத் தகுதி பெற்றவர்களின் பட்டியல் எல்லாச் சபைகளுக்கும் பொதுவானது, பேராயரும் பொதுவானவர். ஆகவே ‘வெறும் அனுமதி’ என்பது யாரையும் தொடாமல் போய்விடாது. உண்மைதான். பிறகு நூற்றுக்கணக்கான சபைகள் வெளியேறின. 2010இல் வட அமெரிக்க லுத்தரன் திருச்சபை தனியே உருவானது. குடும்பங்களையும் பிரித்த அந்த வேதனையைச் சிறிதாக்கிப் பேசக் கூடாது. ஆனால் உயர்ந்த வரம்பு வைத்திருந்தால், 45 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களின் விருப்பம் மற்ற எல்லாரையும் கட்டியிருக்கும். அழைக்க விரும்பிய சபைக்கும் அழைப்புக்குக் காத்திருந்தவருக்கும் வழியே இருந்திருக்காது. அவசரம் என்ற குற்றச்சாட்டும் நிற்காது: இந்தக் கேள்வியை ஆராய்வதற்கான ஆணை 2001 பேரவையிலேயே பிறந்தது. நான் குறைகாண்பது ஓரிடத்தில்தான். வாக்கு அளவைப் பற்றிய சண்டையை, தீர்மானம் வந்த அதே பேரவையில் நடத்தியிருக்கக் கூடாது. அப்போது எல்லாரும் தாம் விரும்பும் முடிவுக்கு ஏற்ற அளவுகோலையே கேட்பார்கள். இத்தகைய கேள்விக்கான வரம்பை முந்தைய பேரவையே, எந்தப் பக்கம் வெல்லும் என்று தெரியாத நிலையில், விதியாக எழுதிவைத்துவிட வேண்டும்.