தொண்டு கற்கும் பருவம்

டிசம்பர் மாதம் பிறந்ததும் தில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற பெருநகரங்களில் உள்ள திருச்சபைகளின் இளையோர் குழுவினர் முதியோர் இல்லங்களுக்குச் செல்வர். அங்குப் பாடல்கள் பாடுவர். கேக்கும் இனிப்பும் வழங்குவர். குழுவாக நின்று ஒளிப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவர். நல்ல எண்ணத்துடன் செய்யப்படும் செயலே இது. ஆயினும், ஆண்டுக்கு ஒருநாள் செய்யும் இச்செயல் பதின்பருவத்தினருக்குத் தொண்டைக் கற்பித்துவிடும் என எண்ணுவது பொருந்தாது. நீந்தக் கற்பது போலத் தொண்டும் பழகிப் பழகியே கைவர வேண்டும்.

ஒருநாள் வருகையின் குறை எளிதில் புலப்படும். நீரிழிவு நோயுள்ள முதியவருக்கு இனிப்புப் பொட்டலம் பயன்படாது. உடைந்த மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து தருவதோ, தொலைவில் உள்ள மகனுடன் தொலைபேசியில் பேச உதவுவதோ அவருக்குத் தேவையாக இருக்கலாம். அவரிடம் கேட்காமல் இதனை அறிய இயலாது. முன்பின் அறியாதவரிடம் அவரும் தம் தேவையைக் கூறமாட்டார். கேளாமல் கொடுக்கும்போது பெறுபவர் வெறுமனே கைநீட்டுபவராகிறார். கொடுப்பவர் உள்ளத்தில் செருக்குத் தோன்றுகிறது. எதனைப் போக்க வேண்டுமோ, அதனையே அத்தொண்டு வளர்த்துவிடுகிறது.

இதற்குரிய நல்வழியைத் திருச்சபையின் மரபே காட்டுகிறது. இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவிய செய்தி யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் இடம்பெற்றுள்ளது. புழுதி படிந்த கால்களைக் கழுவுவது அக்காலத்தில் பணியாளரின் வேலை. அதனைக் குருவே முதலில் செய்தார். பின்னரே சீடர்களையும் அவ்வாறு செய்யப் பணித்தார். இன்றும் பல திருச்சபைகளில் பெரிய வியாழன் அன்று இந்நிகழ்ச்சி நினைவுகூரப்படுகிறது. மேடையில் நின்று தொண்டின் பெருமையைப் பேசுபவரைக் காட்டிலும், இளையோருடன் சேர்ந்து தாமும் துடைப்பம் ஏந்துபவரே சிறந்த ஆசிரியர் என்பதை இதனால் உணரலாம்.

தொண்டு பெரும்பாலும் சிறிய வேலைகளால் ஆனது. அன்னை தெரசா 1952-இல் கொல்கத்தாவின் காளிகாட் பகுதியில், இறக்கும் நிலையில் இருந்தோருக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கினார். அங்குச் சென்ற தன்னார்வலர்கள் துணி துவைத்தனர், பாத்திரம் கழுவினர். சீக்கியர்களின் குருத்வாராக்களிலும் சிறுவர்கள் பெரியவர்களுடன் அமர்ந்து ரொட்டி தேய்ப்பதை நாள்தோறும் காணலாம். உண்பவர் எச்சமயத்தவர் என அங்கு எவரும் கேட்பதில்லை. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்திலும் மாணவர்கள் இரண்டு ஆண்டுகளில் 240 மணிநேரம் பணியாற்றுகின்றனர். இவை அனைத்தும் தொடர்ந்து செய்வதையே வலியுறுத்துகின்றன.

பொதுத்தேர்வு நெருங்கும் காலத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது எனப் பெற்றோர் கேட்கக்கூடும். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால், மாதத்தில் ஒரு ஞாயிறன்று வழிபாடு முடிந்தபின் இரண்டு மணிநேரம் ஒதுக்குவதால் படிப்பு கெட்டுவிடாது. ஒரே இல்லத்திற்கு மாதந்தோறும் சென்று வந்தால், அங்குள்ளோரின் பெயரும் தேவையும் இளையோருக்குத் தாமாகவே தெரியவரும்.

புலம்பெயர்ந்த தமிழர்களின் பிள்ளைகளிடம் தனிச்செல்வம் ஒன்று உள்ளது. அவர்கள் வீட்டில் தமிழும் வெளியில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ பேசி வளர்பவர்கள். வேலை தேடிப் புதிதாக வந்த தொழிலாளி மருத்துவமனையில் தம் நோயை விளக்க முடியாமல் தவிப்பார். வங்கிப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் நிற்பார். இருமொழி அறிந்த ஓர் இளைஞர் அவருக்குத் துணை நின்றால், பணம் செலவழியாமலே பேருதவி செய்தவராவார். அவ்வாறே தமிழ் அறியாத அண்டை வீட்டுப் பாட்டிக்கும் அவரது மொழியிலேயே பேசி மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டலாம்.

ஆகவே, திருச்சபைகள் டிசம்பர் வருகையைக் கைவிட வேண்டியதில்லை; அதனை மற்றப் பதினொரு மாதங்களுக்கும் நீட்டினால் போதும். ஒளிப்படம் எடுப்பதற்கு முன்பு, உதவி பெறுபவருக்கு அதில் விருப்பம் உண்டா என்று கேட்கும் பண்பையும் இளையோருக்குக் கற்றுத்தர வேண்டும்.