படி இல்லாத நிலவறை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. கல்யாணத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு வயது போதாது. ஆனால் வீட்டைக் கட்டிப் பார்த்துவிட்டோம். அதுவும் ஒன்றல்ல, பதினொன்று! காலாண்டு விடுமுறையில் தோழியர் நால்வர், எங்களுள் ஒருத்தியின் வீட்டுக் கணினி முன் அமர்ந்து கட்டிய வீடுகள் அவை. செங்கல் சுமக்கவில்லை, கலவை குழைக்கவில்லை, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுக்கவில்லை. 'தி சிம்ஸ்' என்னும் கணினி விளையாட்டில் கட்டினோம். அவற்றுள் பதினோராவது வீட்டின் நிலவறையைப் பற்றியே இக்கட்டுரை. அதில் நாங்கள் செய்த பிழை ஒன்று உண்டு. அதை மறைக்காமல் எழுதுவதே முறை என்று நால்வரும் முடிவு செய்தோம்.

இவ்விளையாட்டை அறியாதோருக்காகச் சில சொற்கள். இதை உருவாக்கியவர் அமெரிக்கரான வில் ரைட். 1991-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் மூண்ட பெருந்தீயில் அவருடைய வீடு எரிந்து போயிற்று. இழந்த பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க நேர்ந்தபோது, ஒரு வீட்டுக்கு எது தேவை, எது தேவையில்லை என்ற சிந்தனை அவருக்கு எழுந்ததாம். அச்சிந்தனையின் விளைவாக 2000-ஆம் ஆண்டில் வெளிவந்ததே இவ்விளையாட்டு. முதலில் அவர் செய்ய எண்ணியது வீடு கட்டும் விளையாட்டு மட்டுமே. கட்டிய வீடு நல்லதா, இல்லையா என்று அறிய அதில் சிறு மனிதர்களைக் குடி வைத்தார். அதாவது, அந்தச் சிறு மனிதர்கள் நம் வீட்டுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர்கள்! பிறகு அவர்களுடைய வாழ்க்கையே விளையாட்டின் மையமாகிவிட்டது. நாங்கள் விளையாடியது 2014-இல் வெளிவந்த நான்காவது விளையாட்டு. 2022 அக்டோபர் முதல் அதன் அடிப்படைப் பகுதியை விலையின்றிப் பெறலாம்.

இனி நிலவறைக்கு வருவோம். நம் ஊர் மேஸ்திரியிடம் 'பேஸ்மட்டம்' என்று சொன்னால், தரைக்கு மேலே உயர்த்திக் கட்டும் மேடையைக் காட்டுவார். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வராதிருக்க நாம் மேலே எழுப்புவது அது. அமெரிக்கர் சொல்லும் 'பேஸ்மென்ட்' இதற்கு நேர்மாறானது. தரைக்குக் கீழே தோண்டுவது. அவர்களுடைய வடபகுதிகளில் குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து விரிந்து, கட்டடத்தையே மேலே தூக்கிவிடும். ஆகவே உறையும் ஆழத்துக்கும் கீழே போய்க் கடைக்கால் போட வேண்டும். எப்படியும் தோண்டத்தான் போகிறோம், இன்னும் சற்றுத் தோண்டினால் ஓர் அறை கிடைக்குமே என்று அங்கே நிலவறை வழக்கத்துக்கு வந்தது. வீட்டைச் சூடாக்கும் அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம், பழைய பெட்டிகள் எல்லாம் அங்கே குடியேறும்.

விளையாட்டிலோ நிலவறை மிக எளிது. முதல் விளையாட்டில் தோண்டவே வழியில்லை. நான்காவதில் தரைக்குக் கீழே நான்கு தளம் வரை இறங்கலாம். சுட்டியால் ஒரு கட்டம் வரைந்தால் அறை தயார். அள்ளிக் கொட்ட மண் இல்லை, ஊற்றுநீர் கசிவதில்லை, பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விடுவதில்லை. படிக்கட்டை எடுத்து வைத்தால் தளத்தில் தானாகவே திறப்பு உண்டாகிவிடும். இதைக் கண்ட எங்கள் மகிழ்ச்சிக்கு எல்லையே இல்லை. மனை சிறியது, ஆசையோ பெரியது. மேலே இடம் போதாதபோதெல்லாம் கீழே தோண்டினோம்.

பதினோராவது வீட்டில்தான் பணம் தீர்ந்து போயிற்று. அந்த உலகத்து நாணயத்துக்குச் 'சிமோலியன்' என்று பெயர். கூடத்துக்குச் சரவிளக்கு வேண்டும்; தோட்டத்தில் நீச்சல் குளம் வேண்டும்; கையிலோ காசில்லை. இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 'மதர்லோட்' என்று தட்டச்சு செய்தால் 50,000 சிமோலியன் வந்து விழும். எங்களுள் ஒருத்தி தட்டப் போனாள். மற்ற மூவரும் தடுத்தோம். "இது தேர்வில் காப்பி அடிப்பது போல. உழைத்துத்தான் சம்பாதிக்க வேண்டும்" என்று ஒரே குரலில் சொன்னோம். எங்கள் நேர்மையை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

உழைத்தது யார் தெரியுமா? அந்த வீட்டில் ஓவியம் வரையும் பெண் ஒருத்தி இருந்தாள். அவளை நிலவறைக்கு அனுப்பினோம். ஒரு கட்டில், ஒரு குளிர்பதனப் பெட்டி, ஒரு கழிப்பறை, ஓர் ஓவியச் சட்டம் ஆகியவற்றை அங்கே வைத்தோம். அவள் வரைவதை விட்டு அடிக்கடி மேலே ஏறி வந்து பிறரோடு பேசத் தொடங்கிவிடுவாள். ஆகவே படிக்கட்டை எடுத்துவிட்டோம். இதை நாங்கள் கண்டுபிடித்ததாக எண்ண வேண்டாம். உலகெங்கும் இவ்விளையாட்டை ஆடுவோர் பலர் செய்யும் தந்திரம்தான் இது.

அவள் இரவும் பகலும் வரைந்தாள். ஓவியங்களை விற்று மேலே சரவிளக்கு வாங்கினோம். இவ்விளையாட்டில் ஆள் வருத்தமாக இருக்கும்போது மட்டுமே வரையக்கூடிய சோக ஓவியம் என்று ஒரு வகை உண்டு. பேச ஆளில்லாமல் அவள் வருந்திய நாளில் அதைத் தேர்ந்தெடுத்து வரையச் சொன்னோம். "பார்த்தீர்களா, புது வகை ஓவியம்!" என்று கை தட்டினோம். அன்றைய எங்கள் நிலையை எண்ணினால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் மாலை, அவ்வீட்டில் வேலை செய்யும் அக்கா எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தார். சற்று நேரம் திரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "ஏம் பாப்பா, இந்தப் பொண்ணு எப்படி வெளிய வரும்? படியக் காணோமே?" என்று கேட்டார். நாங்கள் சிரித்துக்கொண்டே விளக்கினோம். அவர் சிரிக்கவில்லை. "நாங்க இருக்கறதும் கீழதான். ஆனா எங்களுக்குக் கதவு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார்.

அவருடைய கணவர் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவலாளி. கார்கள் நிறுத்தும் கீழ்த்தளத்தின் மூலையில் அவர்களுக்கு ஓர் அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. பெரிய மழை பெய்யும் இரவுகளில் கணவனும் மனைவியும் மாறி மாறி விழித்திருப்பார்களாம். ஐந்து ஆண்டுகளாக அந்த அக்கா எங்கள் தோழியின் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார். அவர் எங்கே வசிக்கிறார் என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

"இது வெறும் விளையாட்டுத்தானே? திரையில் அசையும் பொம்மைக்கு வலிக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். வலிக்காது. அந்தப் பெண்ணுக்காக நாங்கள் கண்ணீர் வடிக்கவும் இல்லை. எங்கள் கவலை எங்களைப் பற்றியது. எழுத்துகளைத் தட்டிப் பணம் பெறுவது தவறு என்று உடனே சொன்ன எங்கள் மனச்சாட்சி, ஒருத்தியைப் பூட்டி வைத்துப் பணம் பெற்றபோது ஏன் உறங்கிவிட்டது? அவள் எங்கள் கண்ணில் படாத இடத்தில் இருந்ததே காரணம் என்று தோன்றுகிறது. மேல்தளத்தைப் பார்க்கும்போது நிலவறை தெரியாது, சரவிளக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் கவனித்தோம். இந்த நான்காவது விளையாட்டில் மனிதருக்கு ஆறு தேவைகள்: பசி, உறக்கம், தூய்மை, கழிப்பறை, பொழுதுபோக்கு, பிறரோடு பழகுதல். 2000-ஆம் ஆண்டின் முதல் விளையாட்டில் எட்டு இருந்தன. அவற்றுள் 'அறை' என்பதும் ஒன்று. வெளிச்சமில்லாத, குப்பை நிறைந்த அறையில் இருந்தால் அதன் அளவு குறைந்துவிடும். இப்போதைய ஆறில் அது இல்லை. ஆகவே ஜன்னலே இல்லாத அறையில் ஒருத்தி பல நாள் இருந்தாலும் அந்த ஆறில் எதுவும் வெளிச்சக் குறைவைக் காட்டுவதில்லை. விளையாட்டு சொல்லவில்லை என்பதற்காக நாமும் மறந்துவிடலாமா?

உண்மையான நிலவறை விளையாட்டு நிலவறையைப் போல மன்னிப்பதில்லை. 2024 ஜூலை 27 அன்று தில்லியில், பழைய ராஜேந்திர நகரிலுள்ள ஒரு பயிற்சி மையத்தின் நிலவறைக்குள் மழைவெள்ளம் புகுந்தது. குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்து வந்த மூவர் உயிரிழந்தனர். அவர்களுள் இருவர் பெண்கள். வண்டி நிறுத்தவும் பொருள் வைக்கவும் மட்டுமே அனுமதி பெற்றிருந்த அந்த இடம் நூலகமாகப் பயன்பட்டு வந்தது. பொருள் வைக்கும் இடத்தில் ஆளை வைத்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? தண்ணீர் எப்போதும் கீழ்நோக்கித்தான் ஓடும் என்பதை நாம் மூன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டோமே!

இதைப் படிக்கும் பெரியவர்கள், "அதற்குத்தான் சொன்னோம், கணினியை மூடுங்கள் என்று" எனக் கூறலாம். அதை நாங்கள் ஏற்கவில்லை. பதினொரு வீடுகள் கட்டியதில் பரப்பளவுக் கணக்கு எங்களுக்குத் தெளிவாகப் புரிந்தது. சமையலறையிலிருந்து சாப்பாட்டு மேசை எத்தனை அடி தள்ளி இருந்தால் கால் வலிக்காது என்று யோசித்தோம். பெண்களாகிய நாம் வீட்டைப் பெருக்கவும் துடைக்கவும் மட்டுமா பிறந்தோம்? வரைபடம் போடவும் கற்க வேண்டாமா? எங்களுள் ஒருத்தி கட்டடக்கலை படிக்கப் போவதாக இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். விளையாட்டு வேண்டும். ஆனால் விளையாடும்போது நாம் செய்வதையும் நாமே பார்க்க வேண்டும்.

அன்று மாலையே நிலவறைக்குப் படிக்கட்டு வைத்தோம். அதற்கு இடம் செய்ய ஒரு குளியலறையை இடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் மேலே ஏறி வந்து எங்களுக்கு நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தோம். அவள் நேரே சமையலறைக்குப் போய்க் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தாள்! பிறகு கூடத்தில் இருந்தவர்களோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஓவியச் சட்டத்தை மாடியில் ஜன்னல் ஓரத்தில் வைத்தோம். சரவிளக்கை விற்றுவிட்டோம். நீச்சல் குளம் இன்றுவரை கட்டப்படவில்லை. நிலவறையில் இப்போது புத்தக அலமாரிகளும் துவைக்கும் இயந்திரமும் இருக்கின்றன. யாரும் அங்கே உறங்குவதில்லை.

தோழியரே! நாளை நம்மில் சிலர் வீடு கட்டுவோம்; சிலர் பிறருக்காக வரைபடம் போடுவோம்; பலர் கட்டிய வீட்டுக்குக் குடிபோவோம். வரவேற்பறைக்கு என்ன நிறம் என்று கேட்பதற்கு முன், இந்தக் கட்டடத்தில் வேலை செய்பவர் எங்கே உறங்குவார், அந்த அறைக்கு ஜன்னல் உண்டா, மழை வந்தால் அவர் எந்த வழியாக வெளியேறுவார் என்று கேட்போம். வில் ரைட் தம் சிறு மனிதர்களைக் குடி வைத்தது வீட்டுக்கு மதிப்பெண் போடத்தானே? எங்கள் பதினோராவது வீட்டுக்கு மதிப்பெண் போட்டவர் அந்த அக்கா. அந்த முறை நாங்கள் தேறவில்லை. மறுதேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவியர் நால்வருக்காக, அவர்களுள் ஒருத்தி